செய்பணிப் பட்டியலும் லினக்ஸ் கணினியும்

தோற்றுவாய்

மறதி மக்கட்கு இயல்பாக உள்ள ஒரு குறை. அதனை வெல்லுதற்கு நம் முன்னோர் பல உபாயங்களைக் கைக்கொண்டனர். சால்வைத் தலைப்பில் முடிச்சிட்டோர் சிலர். சுவரிற் கரிக்கோடு கீறினோர் சிலர். பஞ்சாங்கத்தின் ஓரத்தில் நாட்குறிப்பு எழுதிவைத்தோர் சிலர். திருவள்ளுவர் 'பொச்சாவாமை' எனத் தனியோர் அதிகாரம் வகுத்து, அதனைப் பொருட்பாலில் அரசியலின்கண் அமைத்தார். அறத்துப்பாலில் அன்றிப் பொருட்பாலில் அமைத்தமை ஊன்றி நோக்கற்பாலது. மறதி தனியொருவரின் மனக்குறையாய் நின்றுவிடுவதன்று. பலர் சேர்ந்து இயற்றும் கருமத்தைக் கெடுப்பது என்பது அவ்வைப்புமுறையால் நாம் கொள்ளத்தக்க கருத்தாகும்.

கல்லூரி வாழ்விலே இவ்வுண்மை நாள்தோறும் புலனாகின்றது. பரீட்சை விண்ணப்பம் ஒன்று உரிய திகதிக்குள் அனுப்பப்படாதொழியின் ஒரு மாணவனின் ஓராண்டு வீணாகும். விழாக் காலத்தில் ஒருவர் செய்யவேண்டிய பணியை மற்றொருவர் செய்துவிட்டதாக எண்ணியிருப்பின் அப்பணி எவராலும் செய்யப்படாது கிடக்கும். ஆதலின் செய்யவேண்டியவற்றை எழுதிவைத்தல் சிறு பழக்கமே ஆயினும் இகழத்தக்கதன்று.

இப்பொருளை ஈண்டு எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் நாளுடன் மைக்ரோசொப்ட் நிறுவனம் வின்டோஸ் 10 இற்கு அளித்துவந்த பொது ஆதரவை நிறுத்திற்று. அதன் அடுத்த பதிப்பாகிய வின்டோஸ் 11, பழைய கணினிகள் பலவற்றில் இல்லாத ஒரு பாதுகாப்புச் சில்லையும் புதிய செயலிகளையும் வேண்டிநிற்பது. அதனால், நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் கணினிகளைக் கழித்துவிடுவதா, அவற்றில் வேறொரு இயங்குதளத்தை நிறுவுவதா என்னும் வினா பள்ளிகளிலும் இல்லங்களிலும் எழுந்தது. லினக்ஸை நிறுவியோர் பலர். நிறுவியபின் அவர்கள் முதலில் தேடும் சிறு கருவிகளுள் ஒன்று, செய்யவேண்டியவற்றைக் குறித்துவைக்கும் கருவி. அதனை எவ்வாறு தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதை மாணவர்க்கும் ஏனையோர்க்கும் விளங்க இக்கட்டுரையிற் கூறுவாம்.

பெயரும் பொருளும்

இதனைச் 'செய்பணிப் பட்டியல்' என யாம் வழங்குவோம். செய்பணி என்பது வினைத்தொகை. காலங்காட்டும் உறுப்பு அதில் மறைந்து நிற்கின்றது. செய்த பணி, செய்கின்ற பணி, செய்யும் பணி என முக்காலத்துக்கும் அஃது ஏற்கும். இப்பட்டியலின் இயல்பும் அதுவே. அதன்கண் எழுதப்பெற்ற ஒரு வரி நேற்றுச் செய்யும் பணியாய் இருந்தது. இன்று செய்கின்ற பணியாயிற்று. நாளை செய்த பணியாகிவிடும். வரி மாறுவதில்லை, அதன் நிலையே மாறும். ஆகவே இத்தகைய கருவி ஒன்று செய்யவேண்டிய தொழில் இரண்டேயாம். ஒன்று, வரியை அவ்வாறே காத்தல். மற்றொன்று, அதன் நிலையைக் காட்டல். ஏனையவெல்லாம் அணிகலன்கள். கருவியைத் தேடுவோர் இவ்வடிப்படையை மறத்தலாகாது.

இனி, வரியை எழுதும் முறை பற்றியும் இலக்கணவழி நின்று ஒரு சொல் கூறுதும். பலர் தம் பட்டியலில் வெறும் பெயர்ச்சொற்களையே எழுதுகின்றனர். 'மலர்' என்று ஒருவர் எழுதுகின்றார். மலருக்குக் கட்டுரை எழுதுவதா, விளம்பரம் சேர்ப்பதா, அச்சகத்துக்குப் போவதா? மூன்று நாள் கழித்து எழுதியவர்க்கே அது விளங்காது. பெயர் பொருளைச் சுட்டும், செயலைச் சுட்டாது. 'மலருக்குரிய விளம்பரங்களை அச்சகத்துக்கு அனுப்புக' என எழுதின் ஐயம் நீங்கும். செயப்படுபொருளும் வியங்கோள் வினைமுற்றும் சேர்ந்த ஒரு சிறு வாக்கியமே நல்ல செய்பணி வரியாகும். வினைமுற்று இல்லாத வரி முற்றுப்பெறாத வாக்கியம் போன்றது. அவ்வாறே அப்பணியும் முற்றுப்பெறாது கிடக்கும்.

லினக்ஸ் யாது?

கருவிகளை ஆராயுமுன் அவை இயங்கும் களத்தைச் சுருங்கக் கூறுதல் நன்று. 1983 ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனு என்னும் பெயரால் ஒரு முயற்சியை அறிவித்தார். யாவரும் தடையின்றிப் பயன்படுத்தவும், உள்ளமைப்பைக் கற்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள இயங்குதளம் ஒன்றை ஆக்குதலே அவர் குறிக்கோள். 1991 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் இணைந்து இன்று நாம் லினக்ஸ் என வழங்கும் முழுத்தளம் ஆயின. டெபியன், உபுண்டு, மின்ட் முதலியன அதன் வழங்கல்கள். க்னோம், கே.டி.ஈ., எக்ஸ்.எப்.சி.ஈ. முதலியன அதன் மேசைச் சூழல்கள், அஃதாவது திரையில் நாம் காணும் முகங்கள். இவற்றுள் எக்ஸ்.எப்.சி.ஈ. பழைய கணினியையும் வருத்தாத இலேசான சூழல்.

தமிழ் வழங்கும் நிலத்துக்கு இது புதிதன்று. இந்தியாவின் சி-டாக் நிறுவனம் 2007 ஆம் ஆண்டில் பாஸ் லினக்ஸ் என்னும் வழங்கலை வெளியிட்டது. கேரள மாநிலத்து அரச பள்ளிகள் கணினிக் கல்வியை முழுவதும் கட்டற்ற மென்பொருளின்மேல் நடத்திவருகின்றன. 2012 ஆம் ஆண்டு முதல் 'கணியம்' என்னும் மின்னிதழ் இத்துறைக் கட்டுரைகளைத் தமிழில் வெளியிட்டு வருகின்றது. ஆகவே லினக்ஸைத் தமிழிற் கற்கப் புகும் மாணவன் வழித்துணையின்றிச் செல்பவன் அல்லன்.

தெரிவுக்குரிய அளவுகோல்கள்

கருவிகளோ பல. எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதற்கு அளவுகோல் வேண்டும். யாம் ஐந்தைக் கூறுவாம்.

முதலாவது, பட்டியல் எங்கே இருக்கின்றது என்பது. தன் கணினியிலேயே கோப்பாக இருக்கின்றதா, அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் கணினியில் இருக்கின்றதா? இதன் முதன்மையை ஒரு வரலாற்றால் விளக்கலாம். ஜேர்மனியின் பெர்லின் நகரிலே தோன்றிய வுன்டர்லிஸ்ட் என்னும் செய்பணிச் சேவை உலகெங்கும் பெரும்புகழ் பெற்றது. 2015 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. 2020 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் நாள் அச்சேவை மூடப்பட்டது. பயன்படுத்தியோர்க்கு முன்னறிவித்தலும் மாற்றிடமும் கொடுக்கப்பட்டமை உண்மையே. ஆயினும் பிறர் வீட்டில் வைத்த பெட்டகத்தை அவர் சொன்ன நாளில் எடுத்துக்கொண்டு புறப்படவேண்டியதே உரியவர் நிலையாயிற்று. கருவி மறைந்தாலும் பட்டியல் நிலைத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

இரண்டாவது, இணையம் இன்றியும் இயங்குகின்றதா என்பது. நம் நாட்டார்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரையும் மின்வெட்டு நிகழ்ந்தது. 1990 களிலே குடாநாட்டில் பல்லாண்டு மின்சாரமே இருந்ததில்லை; கடதாசி இன்மையால் கொப்பித் தாளிலே நாளிதழ்கள் அச்சாயின. இணையம் அறுந்தவுடன் வெறுந்திரை காட்டும் கருவி நமக்குத் துணையாகாது.

மூன்றாவது, தமிழைப் பிழையின்றி ஏற்கின்றதா என்பது. நான்காவது, பழைய கணினி தாங்குமளவு இலேசானதா என்பது. எலக்ட்ரோன் என்னும் முறையால் ஆக்கப்பெற்ற கருவிகள், ஒரு சிறு பட்டியலைக் காட்டுதற்கும் முழு இணைய உலாவி ஒன்றைத் தம்மகத்தே சுமந்து வருவன. தேங்காய் ஒன்றை எடுத்துவர மாட்டுவண்டி பூட்டுதல் போன்றது அது. ஐந்தாவது, பட்டியலை வேறொரு கருவிக்கு எளிதில் மாற்ற முடியுமா என்பது. பொதுவான வடிவில் எழுதப்பெற்ற பட்டியலே இடம் மாறவல்லது.

கருவிகள் சில

இவ்வளவுகோல்களைக் கொண்டு வழக்கிலுள்ள கருவிகள் சிலவற்றை நோக்குவாம்.

க்னோம் சூழலுக்கென எழுந்த 'க்னோம் டு டூ' என்னும் கருவி 2022 ஆம் ஆண்டில் 'எண்டெவர்' எனப் பெயர் மாறிற்று. பட்டியல், வரி, திகதி என்னும் சிலவே அதிலுண்டு. எளிமை விரும்புவார்க்கு ஏற்றது.

'கெட்டிங் திங்ஸ் க்னோம்' என்பது 2009 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இடையே பல்லாண்டு உறங்கிக் கிடந்து, 2020 ஆம் ஆண்டில் தன்னார்வலர் முயற்சியால் மீண்டும் உயிர்பெற்றது. கட்டற்ற மென்பொருளின் இயல்பு இதனாற் புலனாகும்: ஆக்கியோன் கைவிட்டாலும் வேறொருவன் எடுத்துத் தொடரலாம். பெரும்பணியைச் சிறுபணிகளாகப் பிரித்தலும், இப்போது செய்யக்கூடியவற்றை மட்டும் பிரித்துக் காட்டலும் இதன் சிறப்பு. முதலிற் செய்யவேண்டிய உட்பணி முடியாதவரை அதன் தலைப்பணி அக்காட்சியில் தோன்றாது. திகதியைத் திட்டமாகக் குறிக்க இயலாதபோது 'விரைவில்', 'என்றேனும்' எனப் பொருள்படக் குறித்தலும் ஆகும். பட்டியல் நம் கணினியிலேயே கோப்பாக இருக்கும்.

'எரண்ட்ஸ்', 'பிளானிபை' என்பன பின்னர் வந்தவை. தோற்றப் பொலிவு உடையன. கணினியிலேயே பட்டியலை வைத்திருக்கவும் வல்லன. கல்டாவ் என்னும் பொது நெறிமுறையால் வேறு சாதனங்களோடு இணைக்கவும் வல்லன. கல்டாவ் 2007 ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற உலகப் பொதுவிதி. அதனைப் பின்பற்றும் கருவிகள் எவர் ஆக்கியவையாயினும் தம்முள் பேசிக்கொள்ளும். மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட் என்னும் கருவியைப் பயன்படுத்துவோர் வேறெதனையும் தேட வேண்டியதில்லை. 2015 ஆம் ஆண்டு முதல் நாட்காட்டியும் செய்பணிப் பகுதியும் அதனுள்ளேயே அடங்கியுள்ளன.

'டாஸ்க்வோரியர்' என்பது கட்டளை எழுதி இயக்கும் கருவி, ஆற்றல் மிக்கது. ஆயின் அஃது இயங்கும் முனையத் திரையோ எழுத்துக்களைச் சம அகலமான கட்டங்களுள் அடைப்பது. கொம்பும் காலும் புள்ளியும் பெற்று அகலம் வேறுபடும் தமிழெழுத்து அக்கட்டங்களுள் நெருங்கியும் சிதறியும் தோன்றும். ஆங்கிலத்தில் எழுதுவார்க்கு அது நன்று. தமிழில் எழுதுவார்க்கு ஏற்றதன்று.

எக்ஸ்.எப்.சி.ஈ. சூழலில் 'நோட்ஸ்' என்னும் சிறு குறிப்புப் பலகை உண்டு. அதில் எழுதியவை வெறும் எழுத்துக் கோப்புகளாகவே சேமிக்கப்பெறுகின்றன. இவ்வியல்பு நம்மை எல்லாவற்றினும் எளிய வழிக்கு இட்டுச்செல்கின்றது.

வெற்றெழுத்துக் கோப்பு

2006 ஆம் ஆண்டில் ஜினா ட்ரபானி என்னும் அமெரிக்க எழுத்தாளர் 'டுடூ டாட் டெக்ஸ்ட்' என ஒரு முறையை வகுத்தார். அது கருவி அன்று, எழுதும் விதி. ஒரு வெற்றெழுத்துக் கோப்பு. அதிலே ஒரு வரிக்கு ஒரு பணி. எந்த முயற்சியைச் சேர்ந்தது என்பதைக் கூட்டற் குறியாலும், எவ்விடத்திற் செய்வது என்பதை அட் குறியாலும் உணர்த்தல் வேண்டும். முடிந்த வரியின் தொடக்கத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்து எக்ஸை இட்டு இடம் விடல் வேண்டும். மிக முதன்மையான பணிக்கு முன் அடைப்புக்குறியுள் ஏ, பி, சி என்னும் ஆங்கிலப் பேரெழுத்துக்களுள் ஒன்றை இடலாம். விதியின் சாரம் இவ்வளவே. எடுத்துக்காட்டு வருமாறு:

உயர்தர விண்ணப்பங்களை எண்ணிப் பதிவேட்டில் எழுதுக +பரீட்சை @அலுவலகம்
பத்தாந் தர ஒப்படைகளைத் திருத்துக +வகுப்பு @வீடு
கட்டுரைகளின் மெய்ப்பை அச்சகத்துக்கு அனுப்புக +மலர் @கல்லூரி
கொழும்புக் கிளைச் செயலாளருக்கு மடல் எழுதுக +விழா @வீடு

மாலையில் வீடு சேர்ந்த ஆசிரியர் 'வீடு' என்னுஞ் சொல்லைத் தேடின் இரண்டு வரிகள் தோன்றும். அவையே அன்றிரவுக்குரிய பணிகள். விழாக்குழுச் செயலாளர் 'விழா' எனத் தேடின் தமக்குரியது தோன்றும். ஒரே கோப்பு பல பட்டியல்களாய்ப் பயன்படுதல் காண்க.

முயற்சிப் பெயரும் இடப் பெயரும் தமிழில் அமையலாம். முதன்மை எழுத்தும் முடிவுக்குறியும் மட்டும் ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும். அடைப்புக்குள் அகரத்தை இடின் இவ்விதியறிந்த கருவிகள் அதனை முதன்மைக் குறியாகக் கொள்ளா. திகதியை எழுதும்போது ஆண்டு, மாதம், நாள் என்னும் ஒழுங்கிலே, மாதத்தையும் நாளையும் இரண்டிரண்டு இலக்கத்தில் எழுதல் வேண்டும். 2026-03-05 என எழுதின், அகரவரிசைப்படுத்தும் சாதாரணக் கட்டளையே கால வரிசைப்படுத்தும் கட்டளையும் ஆகிவிடும். நாளை முன்வைத்து எழுதுவோர்க்கு இந்நலன் கிட்டாது.

இக்கோப்பைத் திறத்தற்கு லினக்ஸுடன் வரும் எந்த எழுத்துத்தொகுப்பியும் போதும். எக்ஸ்.எப்.சி.ஈ. இல் மவுஸ்பேட், கே.டி.ஈ. இல் கேட் என்பன அத்தகையன. அளவோ மிகச் சிறிது. ஒருங்குறியில் உள்ள தமிழ்க் குறியொன்று சேமிப்பில் மூன்று பைட்டு இடங்கொள்ளும். வரிக்கு 60 குறி என வைத்து 1000 வரி எழுதினும் 180,000 பைட்டுக்கு மேற்படாது. கைப்பேசியால் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் இதனினும் பல மடங்கு பெரிது. ஆகவே படியெடுத்தல் நொடிப்பொழுதுத் தொழில். வாரம் ஒரு முறை சிறு நினைவுக்கோலில் ஒரு படியும், நண்பர் கணினியில் ஒரு படியும் வைத்தல் வேண்டும். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகள் அழிந்தே போயின. படியுள்ள நூல்களை மீண்டும் தேடிச் சேர்த்தல் இயன்றது. படியின் பெருமையை யாழ்ப்பாணத்தார்க்குப் பிறர் உணர்த்த வேண்டியதில்லை.

எழுத்துச் சிக்கல்கள்

தமிழிற் பட்டியல் எழுதுவோர் அறியவேண்டிய சில நுட்பங்கள் உள.

நம் பகுதியில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துரு ஒருங்குறி முறையைச் சேர்ந்ததன்று. அவ்வெழுத்துருவில் திரையில் 'அம்மா' எனத் தோன்றுவது, கோப்பினுள்ளே சில ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற கிறுக்கலாகும். 'அம்மா' எனத் தேடினும் அகப்படாது. ஒருங்குறியில் எழுதியதோ எக்கணினியிலும் தமிழாகவே நிற்கும். லினக்ஸில் லோகித், நோட்டோ முதலிய ஒருங்குறி எழுத்துருக்களை விலையின்றி நிறுவலாம். தட்டெழுதுதற்கு ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையில் தமிழ்99, இலங்கைத் தரமாக ஏற்கப்பெற்ற ரெங்கநாதன், ஒலிபெயர்ப்பு ஆகிய விசைப்பலகைகள் உள. பழைய தட்டச்சுப் பழக்கமுடையோர்க்கு ரெங்கநாதனும், புதிதாகக் கற்கும் மாணவர்க்குத் தமிழ்99 உம் ஏற்றன என்பது எம் கருத்து.

ஈண்டு நம்மூரவர் ஒருவரை நினைதல் தகும். 1886 ஆம் ஆண்டில் சுண்டிக்குழியிலே பிறந்து மலாயா, சிங்கப்பூர் நாடுகளிலே வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை அமைத்தவர். தமிழெழுத்துக்கள் 247. பொறியிலோ விசைகள் சிலவே. அவர் எல்லா எழுத்துக்கும் விசை வைக்க முயன்றாரல்லர். எதனைச் சேர்த்தெழுதலாம், எதனைத் தனியே வைத்தல் வேண்டும் எனத் தெரிந்து, அழுத்தியும் பொறி நகராத விசைகளை அமைத்து, மேற்குறிகளை முன்னர்த் தட்டிப் பின்னர் எழுத்தைத் தட்டும் வழிவகுத்தார். எளிமை என்பது வறுமை அன்று. ஆராய்ந்து விடுத்தலால் வருவது என்பதற்கு அப்பொறி நல்ல சான்று. செய்பணிக் கருவியைத் தெரிவோரும் அதில் எத்தனை வசதி உண்டு என எண்ணாது, எத்தனை இல்லாமலே தம் கருமம் முடியும் என எண்ணுதல் வேண்டும்.

தேடுதலில் நிகழும் பிழை மற்றொன்று. 'ஔவை' என்பதை ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி எழுதுவோர் உளர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. ஒன்றைத் தேடின் மற்றது அகப்படாது. எழுத்திலக்கணம் அறிந்து சரியான விசையை அழுத்துதல் ஒன்றே பரிகாரம்.

வரிசைப்படுத்துதலிலும் ஒரு வேறுபாடுண்டு. நம் நெடுங்கணக்கில் னகரம் இறுதி மெய். ஒருங்குறியிலோ அது நகரத்தை அடுத்து வைக்கப்பட்டுள்ளது. அதனால் அகராதியில் 'மலர்' முன்னும் 'மனு' பின்னும் வர, குறிமுறை வரிசையையே பின்பற்றும் கருவியில் 'மனு' முன்னே வரும். கணினியின் வட்டார அமைப்பைத் தமிழுக்கு மாற்றி, அவ்வமைப்பை மதிக்கும் கருவியைக் கொள்ளின் நெடுங்கணக்கு முறையே கிட்டும். பட்டியலைத் திகதியால் வரிசைப்படுத்துவார்க்கு இத்தொல்லை இல்லை.

மாணவர்க்குப் பயிற்சி

1. பின்வரும் பெயர்களைச் செய்பணி வரிகளாக மாற்றுக: நூலகப் புத்தகம், விளையாட்டுப் போட்டி, பாட்டிக்கு மருந்து. ஒவ்வொன்றிலும் செயப்படுபொருளும் வினைமுற்றும் அமைதல் வேண்டும்.

2. இவ்வாரத்துக்குரிய பத்துப் பணிகளை ஒரு வெற்றெழுத்துக் கோப்பில் எழுதி, முயற்சியும் இடமும் குறித்து, இடத்தால் தேடிப் பார்க்க.

3. வார இறுதியில் முடிந்தவற்றைக் குறித்து, முடியாதவற்றுக்குக் காரணம் ஒவ்வொரு வரியில் எழுதுக. காரணம் 'நேரமின்மை' என எல்லாவற்றுக்கும் எழுதவேண்டி வரின், பட்டியல் அளவுக்கு மிஞ்சியது என அறிக.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் போந்த முடிபு இது. தனியொருவராய்ப் பட்டியல் வைத்திருக்கும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் வெற்றெழுத்துக் கோப்பே தலைசிறந்தது. உட்பணியும் திகதியும் மிகுதியாக வேண்டுவோர் கெட்டிங் திங்ஸ் க்னோமைக் கொள்க. கைப்பேசியோடும் பிறரோடும் பகிர வேண்டும் குழுக்கள் கல்டாவ் அறிந்த எரண்ட்ஸ், பிளானிபை, தண்டர்பேர்ட் ஆகியவற்றுள் ஒன்றைக் கொள்க. எதனைக் கொள்ளினும் பட்டியல் தம் கையிலும் பொது வடிவிலும் தமிழ் ஒருங்குறியிலும் இருத்தலைத் தவறாது காத்துக்கொள்க.

ஒன்று கூறி அமைவாம். கருவி தேடுதலே ஒரு தொழிலாகிவிடும் அபாயம் உண்டு. நாளொரு கருவியை நிறுவி, வண்ணம் மாற்றி, பட்டியலை இடம்பெயர்த்துக்கொண்டிருப்போர் பணி செய்வோர் போலத் தோன்றுவர். பணியோ கிடந்தபடியே கிடக்கும். பொச்சாவாமையை வகுத்த வள்ளுவர் வினைத்திட்பம், வினைசெயல்வகை என்னும் அதிகாரங்களையும் வகுத்தமை காண்க. நினைவு வேறு, திட்பம் வேறு. நினைவைக் கருவியிடம் ஒப்படைக்கலாம். திட்பத்தை ஒப்படைக்க இயலாது.

ஒரு கல்லூரியின் நீண்ட வாழ்வும் இவ்வாறு நிறைவேறிய சிறு பணிகளின் தொகையேயாம். அத்திவாரம் இட்டவர், சம்பளத்துக்கு வழிதேடியவர், நூல் சேர்த்தவர், இரவலாய்க் கதிரை வாங்கிப் பரிசளிப்பு நடத்தியவர் எல்லாரும் ஒவ்வொரு நாளும் ஒரு வரியை முடித்தவர்களே. அவர்தம் பட்டியலில் முடியாது நின்றவை இன்று நம் பட்டியலில் உள்ளன. பழைய மாணவர்கள் தாம் கழிக்கக் கருதும் கணினியொன்றில் லினக்ஸை நிறுவிக் கல்லூரிக்கு அளிப்பின், இக்கால மாணவன் ஒருவன் தன் முதல் வரியை அதில் எழுதுவான். அவ்வரி வினைமுற்றோடு முடிவதாக.